இருளாயியின் பச்சைப் பட்டினி

1961 பங்குனியில் நான் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நர்சாகப் பகல் வேலை பார்த்தேன். மாலையில் ஸ்ரீரங்கத்தில் ஆங்கில வகுப்பில் படித்தேன். எதையும் நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வரும். இதையும் அப்படியே சொல்கிறேன்.

காலையில் இருளாயிக்கு இன்சுலின் போட்டேன். சமயபுரம் பக்கத்துக் கிராமத்தில் வயல் வேலை செய்பவர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஊசி போட்ட சற்று நேரத்தில் ரொட்டியும் பாலும் வந்தன.

"சாப்பிட்டுடுங்கக்கா."

"ஆகட்டும் சிஸ்டர்."

நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

பத்து மணி வாக்கில் இருளாயியின் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேரைக் கேட்டால் என்னையே வெறித்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தது. இன்னும் இறங்கினால் நினைவு போகும், உயிரும் போகலாம்.

அந்தக் கணமே எனக்கு ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் இருந்தது. ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு. காலையில் எதை எடுத்தேன்? சீசாவை எடுத்த கை நினைவிருந்தது. சீட்டில் இருந்த எண் நினைவில்லை.

ஆயா ரெங்கம்மாளை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். பாலில் குளுகோஸ் கலந்து இருளாயியின் வாயருகே கொண்டுபோனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். பால் தலையணையில் வழிந்தது. ரெங்கம்மாள் திரும்பி வந்து, டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், முடிந்ததும் வருவார் என்றாள்.

"அவங்க குடிக்க மாட்டாங்க சிஸ்டர்" என்றார் பக்கத்துக் கட்டில் டோரதி அம்மாள். மன்னார்புரத்துக்காரர், வாத்தியார் மனைவி. "சமயபுரத்தாளுக்கு இது பச்சைப் பட்டினி மாசமாம். அவகூட இவங்களும் விரதம். அடுப்புல வச்சது எதுவும் ஆகாது. தினம் காலையில வீட்டுக்காரர் இளநியும் பழமும் பச்சரிசியும் வெல்லமும் சேத்து இடிச்ச துள்ளுமாவும் கொண்டாந்து குடுப்பாரு. இன்னிக்கு ஆளைக் காணோம்."

"தட்டு காலியா இருந்துச்சேம்மா?"

டோரதி அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். "வீணாப் போகுதேன்னு தினம் நான்தான் சாப்பிடுறது."

"உங்களுக்கும் ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம்தானேம்மா?" என்றாள் ரெங்கம்மாள்.

"கறிதான் கூடாது. ரொட்டி கூடும்."

அடுப்புல வச்சது ஆகாது. அப்படியானால் அடுப்பில் வைக்காத ஒன்று. ரெங்கம்மாள் சமையல்கட்டிலிருந்து வெல்லம் கொண்டுவந்தாள். நசுக்கி, பானைத் தண்ணீரில் கரைத்தேன். இருளாயியை நிமிர்த்தி என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"அக்கா, பானகம். ஆத்தாவுக்குப் படைக்கிறதுதான். வெல்லமும் தண்ணியும். அடுப்புல வைக்கல."

கரண்டியை உதட்டருகே பிடித்திருந்தேன். பிறகு உதடு திறந்தது. கரண்டி கரண்டியாக ஊற்றி, தொண்டை அசைவதைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைக் கொடுத்தேன். டம்ளர் பாதி குறைந்தபோது இருளாயி கேட்டார். "ஏன் சிஸ்டர் அழுவுறீங்க?"

டாக்டர் வந்து நரம்பில் குளுகோஸ் ஏற்றினார். விரதத்தைச் சொன்னேன்.

"வெறும் வயித்துல சரியான அளவே இப்படித்தான் பண்ணும்" என்றார்.

"அளவு சரிதானான்னு எனக்குத் தெரியல டாக்டர். எந்தச் சீசான்னு ஞாபகம் இல்ல."

"போய்ப் பாத்துட்டு வா."

ஐஸ் பெட்டியைத் திறந்தேன். வீரியம் கூடிய சீசா ஒன்றே ஒன்று இருந்தது. அதன் தகர மூடி பிரிக்கப்படவே இல்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன். மூடிவிட்டு, மறுபடி திறந்து ஒருமுறை பார்த்தேன். பெட்டியோரமே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் இருளாயியின் கணவர் மருதை இளநீரோடு வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரும் பஸ் வழியில் நின்றுபோனதாம். டாக்டர் இருவரிடமும் சொன்னார்: சாப்பிடாவிட்டால் ஊசி போட முடியாது, ஊசி இல்லாமல் புண் ஆறாது.

"காலு ஆறணும்னுதானே வேண்டிக்கிட்டேன்" என்று இருளாயி கண்ணைத் துடைத்தார். "பாதியில விட்டா ஆத்தா என்ன நெனப்பா?"

மருதை தலையைச் சொறிந்தார். "மிச்ச விரதத்த நான் இருக்கேன். நீ சாப்பிடு."

"நீங்களா? பஸ்ஸு கொள்ளிடம் தாண்டுறதுக்குள்ள வடை கேப்பீங்க."

வார்டே சிரித்தது. மருதை மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து ரெங்கம்மாள் கையில் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு, சமயபுரம் இருக்கும் வடக்குப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். இருளாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "என்ன இருக்கு சிஸ்டர் சாப்பிட?" என்றார்.

சோறும் கீரையும் வந்தன. அவர் முதல் கவளத்தை மென்று விழுங்கும்வரை நான் நகரவில்லை. இன்சுலின் போடுகிற புது நர்சுகளுக்கு இன்று நான் சொல்வதும் இதுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

அன்று மாலை வகுப்புக்குப் பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன். சார் ஏன் தாமதம் என்று கேட்டார். வார்டில் வேலை இருந்தது என்றேன். பாடம் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்து, மணியடிக்கும்வரை சுகமாக உட்கார்ந்திருந்தேன்.