கஸ்பாரின் திசைகாட்டி

ஞானஸ்நானம் பெற்ற ஈரத்தலை காய்வதற்குள் மந்திரமூர்த்தி கிளம்பிவிட்டான். போதகர் வைத்த புதுப்பெயர் பர்னபாஸ். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி, கால் தரையில் பாவாமல் நடந்தான். மனைவி சண்முகத்தாய் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"பாளையங்கோட்டை ஜெயில்ல நாலு வருசம் கெடந்தது போதாதா? இந்தத் திருட்டு ஒருத்தருக்கும் தெரியாது. பேசாம வீட்டுக்கு வாங்க!"

"கர்த்தருக்குத் தெரியுமேளா!" என்று சிரித்தான்.

யுத்தம் தொடங்கிய வருஷம், கொழும்புத் தோணி ஒன்றின் திசைகாட்டியை அவன்தான் திருடினான். அதை வள்ளத்தில் கடத்திக்கொண்டு போகையில் சுங்கப் படகைக் கண்டதும், முயல்தீவுப் பக்கம் கடலில் குதித்து முக்குளித்து, பாறையிடுக்கில் அதைச் செருகிவிட்டு நீந்தித் தப்பினான். பழி, தோணியை நடத்திய தண்டல் கஸ்பார் மேல் விழுந்தது. கடலை ஆண்ட மனுஷர் ஏழு வருஷமாகக் கரையில் உப்புமூட்டை சுமக்கிறார். பிறகு வேறொரு திருட்டில் அகப்பட்டு ஜெயிலுக்குப் போன மந்திரமூர்த்திக்கு, அங்கே வேதம் வாசிக்கத் தொடங்கிய நாள்முதல் கஸ்பாரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

கஸ்பார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பர்னபாஸ் கைகூப்பி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

கஞ்சிக் கும்பா உருண்டது. கஸ்பார் விட்ட அறையில் பர்னபாஸுக்குக் காது கிண்ணென்றது.

"ஏலே, அந்தப் பழியாலதாம்ல எம் மவ கல்யாணம் நின்னுபோச்சு!"

"இன்னும் அடிங்க அண்ணாச்சி. ஆனா இப்பமே வள்ளத்த எடுங்க. அத எடுத்து, தோணி மொதலாளிகிட்ட நானே சொல்லுதேன்."

கஸ்பார் அவனையே வெறித்துப் பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்தார்.

முயல்தீவருகே உச்சிவெயில். முதல் முக்குளிப்பில் வெறும் மணல். இரண்டாவதிலும் ஒன்றுமில்லை.

"என்னை ஏமாத்துதியா?" என்று கஸ்பார் சீறினார்.

பர்னபாஸ் ஜெபித்துக்கொண்டே மறுபடி பாய்ந்தான். நெஞ்சு வெடிக்கப்போகிற நேரம், பாசிக்கடியில் விரலில் உலோகம் தட்டியது! இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தவன், "இருக்கு! இருக்கு!" என்று கூவியதில் வாயெல்லாம் உப்புத்தண்ணீர். கஸ்பார் கத்தியால் சிப்பியைச் சுரண்டினார். பித்தளையில் தோணியின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. "சேசுவே!" என்றவர், அதை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினார்.

கரைக்குத் திரும்பியதும் நேரே தோணி முதலாளியிடம் போனார்கள். முதலாளி பித்தளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போலீசக் கூப்பிடட்டா?"

"கூப்பிடுங்க மொதலாளி. அதுக்கும் சேத்துத்தான் வந்தேன்."

முதலாளி கஸ்பார் பக்கம் திரும்பினார். "பழியச் சுமந்தது நீரு. நீரு என்ன சொல்லுதீரு?"

கஸ்பார் திசைகாட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"செவ்வாய்க்கெழம தோணி கொழும்புக்குப் போவுதுல்லா? நான் கொண்டுபோறேன். பாய் இழுக்க இவனும் வரட்டும்" என்றார் கஸ்பார். முதலாளி சம்மதமாகத் தலையாட்டினார். கஸ்பார் பர்னபாஸைப் பார்த்து, "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதல. அது வாரப்ப வரும்" என்றார்.

பர்னபாஸுக்கு அதுவே போதும். தெருமுனையில் அழுத கண்ணோடு நின்ற சண்முகத்தாயைப் பார்த்ததும், நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

"ஏளா, தோணியில வேல கெடச்சிருக்கு!"