நாலு கிராம் குறைவு

…இல்லை, தோள் இல்லை, கண்தான் காட்டிக்கொடுத்தது, விசையை அழுத்துமுன்னரே இமை மூடிக்கொள்கிறது, துவக்கின் உதை தோளுக்கு வரப்போகிறதென்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் கடைசியாகப் பறக்கவிட்ட இரண்டு களிமண் தட்டும் முழுசாகவே கடலுக்குள் போய் விழுந்தன. துஷாந்தினி துவக்கை மடித்துத் திறந்தாள். இன்னும் ஐந்து தட்டு. அவளுக்கும் ஜெகதீஸ் அண்ணைக்கும் சரிசமன் புள்ளி, மாகாண அணியிலோ ஒரே ஓர் இடம். வலப்பையில் இருபத்தெட்டு கிராம் ஈயச் சன்னம் அடைத்த சிவப்புத் தோட்டா. இடப்பையில் இருபத்துநாலு கிராம், நீலம். சன்னமும் குறைவு, உதையும் குறைவு. நீலத்தை எடுத்தால் காரைநகர்க் கரையில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்களே… இரண்டு வருடத்துக்கு முன், முதல்நாள், ஜெகதீஸ் அண்ணை சொன்னது: "இருபத்தெட்டு தாங்க ஏலாதெண்டால் நீர் குசினிக்குள்ள நிண்டு அப்பளத்தை உடையும், பிள்ளை." அன்று பிடித்த வீம்பு. புளியங்கூடலில் இருந்து வந்து 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி, அது ஆடும்போதெல்லாம் இடக்கையால்தான் கம்பியைப் பிடித்தாள், கன்றிய வலத்தோளை ஒருவருக்கும் காட்டவில்லை, இன்றைக்குச் சட்டைக்குள் துவாயை நாலாக மடித்து வைத்திருக்கிறாள், அந்தத் துவாய்தான் துவக்கைத் தோளில் பொருந்தவிடாமல்… சீ, வலியை ஒளித்துவைப்பதும் ஒரு பெருமையா? எல்லோரும் பார்க்க அதை உருவி எறிந்தாள்.

"என்ன பிள்ளை, குளிக்கப் போறீரோ?"

"ஓம் அண்ணை, உங்களைத் தோயவாக்கத்தான்."

கரை சிரித்தது. அவள் நீலத்தைப் போட்டாள். குரல் கொடுத்தாள், தட்டு பறந்தது, துவக்கின் கட்டை கன்னத்தோடு ஒட்டியிருந்தது, வெடித்தது… உதை வந்ததா? வந்ததுதான், ஆனால் கண் மூடவில்லை, தட்டு செம்மஞ்சள் தூளாகிக் காற்றில் கரைவதை முதன்முறையாக முழுசாகப் பார்த்தாள், இவ்வளவு நாளும் இந்த அழகையா இமைக்குள் பூட்டி வைத்திருந்தாள்? இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதும் தூள். நெஞ்சு நிமிர்ந்தது, காலடியில் கிடந்த நீலத் தோட்டாக்களின் வெறுங்கோதுகளை ஒவ்வொருவரும் வந்து பார்க்கட்டும், நாலு கிராம் குறைத்தவள் ஒன்றையும் தவறவிடவில்லை!

இனி அவருடைய ஐந்து. ஒன்று பிசகினாலும் இடம் அவளுக்கு. ஜெகதீஸ் துவக்கைத் தோளில் வைத்தார், பல்லைக் கடித்தார், இறக்கினார், அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உந்த நீலத்தில அஞ்சு இருக்கோ? எனக்கும் ரெண்டு வரியமாய் உந்தச் சிவப்பைத் தாங்க ஏலாமல்தான் கிடக்கு."

எனக்குமா? அப்படியென்றால் இவரும் அந்தச் சிவப்பை… இல்லையென்று சொல்லலாம், இடம் கையில், ஆனால் இமை மூடிக்கொண்டு சுட்டவரை வென்றேனென்று எந்த வாயால் சொல்வது? எண்ணாமலே அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் தோற்றால் போதுமென்று கிடந்த மனசு, இப்போது அவர் கண்ணைத் திறந்து, நன்றாகச் சுட்டு, அதன்பிறகும் தோற்கவேண்டுமென்று கேட்கிறதே… இந்தப் பேராசை எப்போது வந்தது?