பின்னறைக் கைதட்டல்

மச்சானை வீட்டைவிட்டு அனுப்பச் சண்டை போட வேண்டாம், கைதட்டினாலே போதும் என்று நம்பினார் நம்ம கணக்கு. பாட்டுச் செயலி நடத்தும் கம்பெனியில் எண்ணிக்கைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அதனால் ஆபீசில் அந்தப் பெயர். நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் தம்பி, ஹால் சோபாவில் வேரே விட்டுவிட்டான். விடிந்தால் பாட ஆரம்பித்துவிடுவான். குரல் மோசமில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள் எத்தனை நாள்தான் கேட்பது?

அப்போதுதான் கம்பெனி போட்டி அறிவித்தது. அதிகக் கைதட்டல் வாங்குபவருக்கு வெளியூர் இசைக்குழுவில் வேலை, தங்க இடத்தோடு. தங்க இடத்தோடு! மச்சானும் செயலியில் ஒரு பாட்டை ஏற்றினான். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் அதற்குக் கைதட்டல் பொத்தானைத் தட்டு தட்டென்று தட்டினார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம் என்பதுதான் விதியாயிற்றே!

அந்த அறைக்கு வைஃபை சரியாக எட்டாது. “தட்டினா ஏறவே மாட்டேங்குது. அந்தப் பெட்டியை மாத்துங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்!” என்றாள் அவள். வீட்டில் பெட்டியை மாற்றச் சோம்பல்பட்ட மகானுபாவர், ஆபீசில் செயலியை மாற்றினார். தட்டல் வந்து சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் தானாகவே மறுபடி அனுப்பு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தார்.

முடிவு அறிவிக்கும் நாளில் மேலாளர் அம்மா கூப்பிட்டார். “என்னங்க கணக்கு, பாக்கும்போதெல்லாம் வேற வேற நம்பர் வருது? உங்க மச்சான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டார், சந்தோஷம். ஆனா தட்டின ஆளுங்க கம்மி, கைதட்டல் மட்டும் மலையா நிக்குது. சாயங்காலத்துக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்.”

அந்த எண்ணிக்கை ஒரே கணினியில் இருப்பதில்லை. பல இடத்துக் கணினிகள் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணி, பிறகு ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். நம்பர் மாறி மாறித் தெரிந்தது அதனால்தான். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். சரியாகாதது வேறு. தட்டல் போய்ச் சேர்ந்திருக்கும், ‘வந்தது’ என்ற பதில்தான் வழியில் தொலைந்திருக்கும். செயலி மறுபடி அனுப்பும், கணினி மறுபடி ஒன்று கூட்டும். ஒருத்தர் போட்டது தெரியாமல் இன்னொருத்தரும் உப்புப் போட்ட கதைதான்.

எங்கிருந்து அதிகம் என்று தேடினார். ஒரே ஒரு வீடு. எந்த வீடு என்று பார்த்தார். அவருடைய வீடேதான்.

வாயை மூடிக்கொண்டால் சோபா காலி. ஆனால் இரண்டாவதாக நின்றவள் ஒரு நர்ஸ். டியூட்டி முடிந்த களைப்போடு அவள் பாடி அனுப்பியதை இவரே இரண்டு தடவை போட்டுக் கேட்டிருந்தார். சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் திரும்ப வந்தால் எண்ணாதபடி மாற்றினார். போன்களில் பதிவாகியிருந்த தட்டல்களை வைத்துப் பழைய எண்ணிக்கையையும் திருத்தினார். மேலாளரிடம் தப்பை ஒப்புக்கொண்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நர்ஸ் ஜெயித்தாள். மச்சான் கடைசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்தால், மச்சான் சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். “காலையில மேல இருந்தேனே மாமா! என் பாட்டு யாருக்குமே பிடிக்கலையா?”

அவருக்கு மனசு கேட்கவில்லை. “அது மெஷின் தப்பு மாப்ள. ஒண்ணு மூணா ஏறிடுச்சு. ஆனா கழிச்சது போக நின்னுச்சு பாரு, அது அத்தனையும் நிஜம். முக்கால்வாசி நம்ம வீட்டுலேருந்துதான். உங்க அக்காவும் நானும் கதவைச் சாத்திக்கிட்டு ராப்பகலா தட்டினது.”

சமையலறை வாசலிலிருந்து மனைவி, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் எங்கே பார்த்தார்!

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. “அதுக்குத்தான் கதவைச் சாத்தினீங்களா? என் சத்தம் பிடிக்காம உள்ள போறீங்கன்னுல்ல நெனச்சேன்! நாளைக்கே போயிடலாம்னு ஒரு ரூம்கூடப் பேசி வெச்சுட்டேன் மாமா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்தான். “வேணாம்னு இப்பவே சொல்லிடுறேன். இவ்வளவு பாசத்தை விட்டுட்டு எங்க போறது?”

ஹாலில் வைஃபை நன்றாகவே எட்டும். செய்தி ஒரே தட்டில் போய்ச் சேர்ந்தது. சரி என்று பதிலும் உடனே வந்துவிட்டது.