வந்துள்ளோம், வாக்களிப்போம்

காலை ஒன்பது பத்துக்குத் தலைவர் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

அரங்கம் அடங்கியது. அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகள். ஆளுக்கொரு நாடு. முன்னால் மடித்து நிறுத்திய அட்டையில் அதன் பெயர். தலைவரே கல்லூரி முதலாண்டு மாணவிதான். ஆனாலும் ஒரு தட்டலில் இருமல்கூட நின்றுபோனது. பின்வரிசையில் சிறுமி ஒருத்தி தன் அட்டையை நேராக்கி வைத்தாள்.

ஐ.நா. சபையைப் போலவே பிள்ளைகள் நடத்திப் பழகும் மாதிரி மாநாடு இது; அவளுக்கு முதல் முறை. கிடைத்தது ஒரு மலைநாடு. நாலு பக்கமும் பிற நாடுகள், கடல் கிடையாது. விவாதமோ துறைமுகங்களைப் பற்றி.

"கடலே இல்லாத நாட்டுக்குத் துறைமுகத்துல என்னடி வேலை?" என்று அண்ணன் ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெரிய துறைமுக நாடு. சாப்பாட்டு மேசையில் அவளைப் பேசவைத்துப் பழக்கியவனும் அவன்தான்.

"எனக்கு என்ன தோணுதுன்னா..."

"நிறுத்து. 'எனக்கு' கிடையாது. 'எங்கள் நாடு'."

"எங்கள் நாட்டுக்குத் தண்ணி வேணும். ஜக்கை இந்தப் பக்கம் தள்ளு."

"தீர்மானமா எழுதிக் கொடு. பரிசீலிக்கிறோம்."

அவனுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். சிறந்த பிரதிநிதி பரிசு ஒவ்வொரு முறையும் மயிரிழையில் தப்பிப்போனது. இந்த முறை அவன் எழுதிய தீர்மானம் நிறைவேறினால் பரிசு அவனுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். துறைமுகம் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் சரக்குக்குப் பராமரிப்புக் கட்டணம். அதுதான் தீர்மானம்.

அன்று காலை அரங்க வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டான்.

"வாலு, நீ ஆதரிக்க வேணாம். உன் நாட்டுக்கு அது நஷ்டம், ஆதரிச்சா சிரிப்பாங்க. ஓட்டெடுப்புல விலகிக்கோ. அது போதும்."

"சரிண்ணா."

"சத்தியமா?"

"எங்கள் நாடு வாக்குறுதி அளிக்கிறது."

வருகைப்பதிவு தொடங்கியது. சிலர், "வந்துள்ளோம்" என்றார்கள். கறுப்புக் கோட்டு போட்ட உயரமான பெண் ஒருத்தி எழுந்து, "வந்துள்ளோம், வாக்களிப்போம்" என்றாள். கேட்கவே கம்பீரமாக இருந்தது. தன் முறை வந்ததும் அவளும் எழுந்தாள்.

"வந்துள்ளோம், வாக்களிப்போம்."

முன்வரிசையில் அண்ணன் திரும்பி, கண்ணை அகல விரித்துப் பார்த்தான். அசந்துபோய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேச ஒரு நிமிடம் கொடுத்தார்கள். எல்லையில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பற்றிப் பேசினாள். மருந்து ஏற்றிய லாரிகள். அடுப்பை ரோட்டோரம் வைத்துச் சமைக்கும் ஓட்டுநர்கள். இவ்வளவு தூரம் வந்த சரக்குக்கு இன்னொரு கட்டணம் என்றால் மருந்து விலை ஏறும் என்றாள். பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கறுப்புக் கோட்டுக்காரி எழுந்து, "மதிப்பிற்குரிய பிரதிநிதி சொன்னதுபோல" என்று ஆரம்பித்தாள்.

வீட்டில் அவள் சொன்னதை யாரும் திருப்பிச் சொன்னதில்லை, கிண்டலுக்குத் தவிர.

மாலையில் கதவுகளைச் சாத்தினார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. தலைவர் நாடு நாடாகக் கூப்பிட்டார். ஆதரவு. எதிர்ப்பு. ஆதரவு. அகர வரிசையில் அவள் நாடு கடைசி. அதுவரை எதிர்ப்பைவிட ஆதரவு ஒன்று கூடுதலாக இருந்தது. அண்ணனின் காது சிவந்திருந்தது.

அவள் எழுந்தாள். "எங்கள் நாடு விலகிக்கொள்கிறது."

தலைவர் நிமிர்ந்தார்.

"விலக முடியாது. காலையில் 'வாக்களிப்போம்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்ன நாடு ஒரு பக்கம் நின்றாக வேண்டும். ஆதரவா, எதிர்ப்பா? சமமாக வந்தால் தீர்மானம் தோற்கும்."

அண்ணன் காலையில் ஏன் அப்படி விழித்தான் என்று இப்போது புரிந்தது.

மேலே குளிர்சாதனத்தின் முனகல் மட்டும். அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. அவளைக்கூட அல்ல, அட்டையை. அந்த நாட்டை அவள் பார்த்ததில்லை. அங்கே ஒருவருக்கும் அவளைத் தெரியாது. இருந்தும் இந்த நொடியில், இந்த அறையில், அதற்கு வேறு வாய் இல்லை. இத்தனை பெரிய ஒன்று தன் நாக்கு நுனியில் வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அண்ணனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அப்பாவின் கோட்டு அவன் தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"எதிர்ப்பு."

சுத்தியல் விழுந்தது.

பரிசு கறுப்புக் கோட்டுக்காரிக்குப் போனது. அண்ணனும் அவளும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். இரண்டு அட்டைகளும் அவன் கையில் இருந்தன.

"வாக்குறுதி அளிக்கிறதுன்னு பெருசா சொன்னியே."

"அப்போ எனக்கு அந்த நாட்டைத் தெரியாதுண்ணா."

அவன் அவள் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"ஏய் வாலு, அங்க இருக்கிறவங்க கடலைப் பார்க்கணும்னா எவ்வளவு தூரம் போகணும்?"