எஞ்சினை நிறுத்தும் இடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசிவரை மறைத்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் தெம்பு என்னிடம் இல்லை.

துண்டறிக்கைகளும் விளம்பர வாசகங்களும் எழுதிப் பிழைப்பவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படகு முதலாளி கூப்பிட்டார். நடுக்கடல் பாறைமேல் நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகு அது. மைக்கில் சொல்ல ஓர் உரை வேண்டும் என்றார். எத்தனை அடி உயரம், எத்தனை நொடிக்கு ஒருமுறை விளக்கு சுழலும், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தவர், இதைக் கேட்டால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள், மனசைப் பிடிக்கிற மாதிரி ஏதாவது சேருங்கள் என்றார்.

சேர்த்தேன்.

2

"அன்று கடல் கண்ணாடிபோல்..."

(வேண்டாம். அன்று கடல் எப்படி இருந்தது என்பதே எனக்கு நினைவில்லை.)

அக்காவிலிருந்து தொடங்குகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. அத்தான், அதாவது அவள் கணவர், அந்தக் கலங்கரை விளக்கத்தின் மெக்கானிக். ஏழு வருடத்துக்கு முன் விளக்கைச் சுழற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்கப் போனார். மறுநாள் அவரை அழைத்துவரப் போன படகு வெறுமனே திரும்பியது. மேல்மாடத்தில் கருவிப் பெட்டி திறந்தபடி கிடந்ததாம். ஆள் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஒரே வீட்டில் கீழே அவர்களும் மாடியறையில் நானும் இருந்தோம். அத்தான் வேலை முடிந்து வந்தால் கூப்பிட மாட்டார். ஸ்பேனரால் இரும்பு கேட்டில் மூன்று தட்டு. சற்று விட்டு இன்னொன்று. அக்கா கைவேலையைப் போட்டுவிட்டுப் போய்த் திறப்பாள். மாடியில் எனக்கும் கேட்கும்.

உரையில் நான் சேர்த்தது இதுதான்: "இங்கே ஒரு மெக்கானிக் காணாமல் போனார். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். மேல்மாடத்துக் கம்பியில் அவர் ஸ்பேனரால் தட்டுவது இன்றும் கேட்கும். மூன்று தட்டு, சற்று விட்டு இன்னொன்று."

அக்கா கடல் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். அவள் காதுக்கு இது எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன்.

3

அடுத்து கண்ணாடிக் கடைக்காரர். அக்காவின் முதலாளி, மனைவியை இழந்தவர். அக்காவின் ஒரு வார்த்தைக்காக நான்கு வருடம் பொறுமையாகக் காத்திருந்தார்.

(முதல் வரைவில் இவரைக் கொஞ்சம் அசடாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் அக்கா இழந்தது சின்னதாகிவிடும். நான் செய்ததும் சின்னதாகிவிடும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். நல்ல மனிதர். அத்தானுக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அவர் கடையில்தான்.)

அத்தான் இறந்ததாகப் பதிவுசெய்ய ஏழு வருடம் முடிய வேண்டியிருந்தது. முடிந்தது. விண்ணப்பத்தில் அக்கா கையெழுத்துப் போட்டால், அடுத்து அவர்கள் கல்யாணம். அவளும் சம்மதித்துவிட்டாள்.

"போடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்துடறேன். நீ கூட வா."

அலை அதிகம், வயிற்றைப் புரட்டும், அடுத்த மாதம் போகலாம் என்று என்னென்னவோ சொன்னேன். மசியவில்லை. காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படகு முதலாளிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக் பகுதியை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

4

படகில் மைக் பிடித்த அம்மாள் முதலாளி சொன்னபடியே செய்தார். உயரம் சொன்னார், நொடிக் கணக்கு சொன்னார். படகு பாறையைப் பாதி சுற்றிவிட்டது. அக்கா தலைத்துணியை இழுத்துப் பிடித்தபடி மேல்மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பின்வரிசையில் ஒருவர், ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்போல, அந்த ஸ்பேனர் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, அதற்காகத்தானே பிள்ளைகளைக் கூட்டி வந்தேன் என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மைக்கம்மாள் தயங்கினார். அவருக்கு எங்களை யாரென்று தெரியாது. சொன்னார். நான் எழுதியது ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. எஞ்சின் நின்றது.

கேட்டது.

(இங்கே எழுத்தாளன் கொஞ்சம் மர்மம் கூட்டலாம். கூட்ட மாட்டேன். மேல்மாடத்தில் தாழ்ப்பாள் போன இரும்புக் கதவு ஒன்று உண்டு, காற்றில் அடித்துக்கொள்ளும். படகு முதலாளியே எனக்குச் சொன்னது. எத்தனை முறை அடித்தது என்று யாரும் எண்ணவில்லை.)

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூணும் ஒண்ணும். அது எனக்கும் அவருக்கும் மட்டும்தானேடா தெரியும்? இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

நான் மேல்மாடத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

(இந்த இடத்தில் "அது நான் எழுதினது, அக்கா" என்று எழுதிப் பார்த்தேன். கதை நன்றாக இருந்தது. அக்கா அழுதாள், என்னை அறைந்தாள், கரைக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். அதுவும் பொய். நான் சொன்னது "கேட்டுச்சுக்கா.")

5

அவள் கையெழுத்துப் போடவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்ததாக எப்படி எழுதிக்கொடுப்பது என்று கேட்டாளாம். கடைக்காரர் என் அறைக்கு வந்து, கதவோரமாகவே நின்றார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை."

பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவில்லை. மூன்று மாதம் பார்த்தார். பிறகு கடையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. அவரைக் குறை சொல்ல வாயில்லை.

ஆக, இனி உண்மையைச் சொன்னால் அக்காவுக்குக் கிடைக்கப்போவது என்ன? அத்தான் இரண்டாவது முறை சாவார். தம்பி என்று நானும் இல்லாமல் போவேன். பதிலுக்கு அவள் கையில் கொடுக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. சொல்லாவிட்டால், ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் படகில் போவாள். மைக்கம்மாள் அவளுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறாராம்.

6

முடிவு ஒன்று: நான் சொல்லிவி

முடிவு இரண்டு: அவளே ஒருநாள் என் பழைய தாள்களைப் புரட்டு

இரண்டையும் எழுத முடியவில்லை. அந்தப் படகு உரையைத் தவிர, நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்காதான். ஒற்றெழுத்துப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிடுவாள். இன்று ஞாயிறு. நாலு மணிக்குப் படகிலிருந்து திரும்புவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்து, "என்னடா எழுதின இன்னைக்கு?" என்று கேட்பாள். போன மூன்று ஞாயிறும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நாலடிக்கப் பத்து நிமிடம். இந்தக் கதையின் தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் என் நாற்காலியில் உட்காருங்கள். என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.