குட்டையோரம் ஒரு பாதை

லாரி ஓட்டுநர் மஸ்தூருக்கு வேலை போகப்போகிறது என்று நிலக்கரிச் சுரங்கம் முழுக்கப் பேச்சு. முந்தாநாள் இரவு மழை விட்ட பிறகு, லாரியை வளைவில் திருப்பாமல் நேரே மழைநீர்க் குட்டையின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். தூங்கிவிட்டார் என்றது விசாரணை. பாதை விளக்குகளை வடிவமைத்த நிங்ஸியும் அதற்கு ஒத்து ஊதினாள். பின்னே? ஒவ்வொரு கம்பமும் அவள் போட்ட கணக்கு. இந்தோனேசியாவின் கலிமந்தானில் மழை என்றால் லாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கருவியோடு சேற்றில் இறங்கி, அங்குலம் அங்குலமாக வெளிச்சத்தை அளந்தவள் அவள்.

"நாளைக்குத் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு நடை என்கூட வாங்க, இபு," என்று கெஞ்சினார் மஸ்தூர். அங்கே மரியாதைக்குப் பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் அழைப்பார்கள்.

ஆளின் வாயை அடைத்துவிடலாம் என்று, அந்தி மக்ரிப் தொழுகை முடிந்ததும் நிங்ஸி அவர் லாரியில் ஏணி பிடித்து ஏறினாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. லாரியின் இருக்கை மாடி வீட்டு உயரத்தில் இருந்தது.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க. தூங்குமூஞ்சி ஓட்டுற வண்டி இது."

"கிண்டல் வேணாம், பாக் மஸ்தூர். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் ஓட்டுறேன்."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதில் பார்க்க என்ன இருக்கிறது? எதிர்க் கம்பத்தின் வெளிச்சத்தில் பாதை அகலமாக, வெள்ளையாக நீண்டு கிடந்தது.

"நேரா போங்க... இன்னும் நேரா... ஏன் நிறுத்திட்டீங்க? ரோடு முன்னாடிதானே கெடக்கு!"

மஸ்தூர் ஜன்னலைத் திறந்து, காலடியில் கிடந்த நிலக்கரிக் கட்டியை எடுத்து முன்னால் வீசினார்.

பாதை வளையம் வளையமாக அசைந்தது.

நிங்ஸி கீழே நின்று அளந்தபோது தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் குட்டை முழுக்க அவள் விளக்குதான் மின்னியது. நிஜமான வளைவு இடப்பக்கம் இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இங்கே ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா? சே!

"அன்னிக்கு பிரேக் போட்டது தூக்கத்துலயா, இபு?"

 பக்கக் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது. பின்னால் வந்த இன்னொரு ஓட்டுநர் ருஸ்லானின் லாரி, நின்றிருந்த இவர்களைச் சுற்றிக்கொண்டு நேரே குட்டையை நோக்கிப் போனது.

நிங்ஸி வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள். "ருஸ்லான், நில்லுங்க! தண்ணி! நில்லுங்க!"

பிரேக் அலறியது. விளிம்பு மண் சரிந்து தண்ணீரில் விழ, முன் சக்கரங்கள் அப்படியே நின்றன.

வாக்கி டாக்கியில் ருஸ்லானின் எரிச்சல் குரல் கேட்டது.

"எங்க தண்ணி, இபு? ரோடுதான் பளிச்சுனு தெரியுதே!"