இடதுகோடி நாற்காலியிலிருந்து தெரிந்த கை

அன்றைக்குக் கடை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வந்த வம்பெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தால் இடதுகோடி நாற்காலியில் அண்ணி. அவருக்குப் பக்கத்தில் நான். அடுத்த நாற்காலியில் ஆள் இல்லை, டைல்ஸ் மாதிரிப் பலகைகளை அடுக்கியிருந்தோம். வலதுகோடியில் அண்ணனின் மூத்த மகளைக் கட்டியவர், வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் வாசல் நிலையில் சாய்ந்து நின்றவர் இளையவளின் கணவர், சின்ன மாப்பிள்ளை. ஐந்தாவது ஆள் திரையை விற்க வந்தவர். அவர் உட்காரவில்லை. விற்க வருகிறவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடை கீழே, வீடு மேலே. டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கிறோம். மேலே அண்ணன் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்தவர் அவர். தலையிலும் அடி. விழுந்த அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று கேட்டால், காலை என்று ஒன்று இருந்ததா என்பதுபோல நம்மைப் பார்ப்பார். நாங்கள் கீழே திரையைப் பார்த்த நேரம், இளையவள் மேலே அவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி மாட்டாமலே படம் மேடு பள்ளத்தோடு தெரியும் திரை அது. கடை முகப்பில் வைத்தால் வாடிக்கையாளர் தன் குளியலறையை அப்படியே பார்த்துவிடலாம் என்பது பெரிய மாப்பிள்ளையின் கனவு. விற்பனைக்காரர் பொத்தானை அமுக்கியதும் ஒரு கைகழுவும் தொட்டி திரையைவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றது. பெரிய மாப்பிள்ளை தன்னை மறந்து கையை நீட்டினார்.

"பாத்து சகலை, குழாயைத் திறந்துடாதீங்க. தரை நனைஞ்சா நான்தான் துடைக்கணும்" என்றார் சின்ன மாப்பிள்ளை. அண்ணிகூடச் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

"எப்படிங்க இது?" என்று கேட்டேன். எனக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் நிம்மதி.

"திரை மேல முடி மாதிரி மெல்லிசா கண்ணாடி வரி ஓடுது சார். அது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படத்தைப் பிரிச்சு அனுப்பும். உங்க ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் கிடைக்குது, அதான் முன்ன பின்ன தெரியுது. இந்தக் கோடியில உக்காந்தவங்களுக்கு இந்தப் பக்கத்துப் படம், அந்தக் கோடிக்கு அந்தப் பக்கத்துப் படம். சாதா வீடியோ கொடுத்தாலும் மெஷினே மாத்திக்கும். ஒரு பெட்டிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கலாம் சார்!"

அந்தக் கடைசி வார்த்தைதான் வினை. அண்ணி கைப்பேசியை எடுத்து நீட்டினார். "அப்ப இதைப் போடுங்க."

எது என்று எங்களுக்குக் கேட்காமலே தெரிந்தது. கிடங்குக் கேமராவில் பதிவான காட்சி. அண்ணன் சாம்பல் நிறக் கிடங்குக் கோட்டோடு ஏணியில் ஏறுகிறார். ஏணியின் அடிக்கால்களை ஓர் அட்டைப்பெட்டி அடுக்கு மறைக்கிறது. ஏணி சரிகிறது, அண்ணன் விழுகிறார். அந்த அடுக்குக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் அண்ணி தினமும் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏணி தானா நகராது தம்பி" என்று என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். யாரை நினைத்துச் சொல்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். கிடங்கில் வேலை பார்த்தது அண்ணனும் சின்ன மாப்பிள்ளையும்தான். விழுந்த அன்று காலை, பெட்டிகள் உடைந்து வந்ததற்காக அண்ணன் அவரை எல்லோர் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்திருந்தார்.

மெஷின் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. படம் வந்தது. அண்ணன் எங்களுக்குப் பக்கத்திலேயே ஏணியில் ஏறினார். அண்ணி தலையை இடப்பக்கம் சாய்த்தார்.

"தம்பி. அந்தக் கையைப் பாருங்க."

நானும் சாய்ந்தேன். அடுக்குக்குப் பின்னால், ஏணிக்காலை ஒட்டி, சாம்பல் நிறச் சட்டைக்கை ஒன்று. அதன் நுனியில் விரல்கள். ஏணி சரிந்தது.

"எந்தக் கை? இங்கே பெட்டிதான் தெரியுது அத்தை" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"உங்க சகலையை நீங்க காப்பாத்த வேண்டாம்."

"சத்தியமா தெரியலைங்க!"

"இங்க வந்து உக்காருங்க."

அவர் வந்தார், அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தார், பார்த்தார். "ஐயையோ" என்று எழுந்து நின்றார். அதன்பின் எல்லோரும் வாசல் நிலையைத்தான் பார்த்தோம். அங்கே நின்றவர் உடம்பில் அதே சாம்பல் நிறக் கோட்டு.

"நான் வாசல்ல லாரிக்காரன்கிட்ட நின்னேன். எத்தனை தடவை சொல்றது?"

"அந்த லாரிக்காரன் வந்து சொல்லுவானா?" என்றார் அண்ணி.

"வாடகை லாரி. அவனை நான் எங்கே போய்த் தேடுவேன் அத்தை?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். பார்த்தேன்தானே.

"என் கண் முன்னாடி நிக்காதே. போ" என்றார் அண்ணி. கல்யாணமான நாள் முதல் அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவர்.

சின்ன மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மாதிரிப் பலகைகளின்மேல் மடித்து வைத்தார். பொழுது சாய்வதற்குள் அவரோடு இளையவள், குழந்தை, இரண்டு பை, எல்லாம் வண்டியேறி வெளியூரிலிருந்த அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டன. அண்ணன் மேலிருந்து மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தார். விற்பனைக்காரர், "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன் சார்" என்று திரையை அப்படியே விட்டுவிட்டு நழுவினார்.

"போலீசுக்கு எழுதுங்க தம்பி. நாளைக்கே கொடுத்துடணும்" என்றார் அண்ணி. கடைக் கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்துத்தான். உட்கார்ந்தேன். 'மேற்படி காட்சியில் ஒரு கை தெளிவாகக் காணப்படுகிறது' என்று எழுதினேன். எதில் காணப்படுகிறது என்று நானே கேட்டுக்கொண்டபோது பேனா நின்றது. கேமரா பிடித்த படத்தில் கை இல்லை. இருந்திருந்தால் தினம் தினம் பார்த்த அண்ணி விட்டிருப்பாரா? கேமராவின் கண்ணில் படாத கை திரைக்கு எங்கிருந்து வந்தது?

என் சந்தேகம் விற்பனைக்காரர் மேல் திரும்பியது. வியாபாரத்துக்காக ஏதோ வித்தை காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் வந்ததும் கடைக் கதவைச் சாத்தி, "உக்காருங்க" என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கையை யார் போட்டது?"

"யாரும் போடலை சார். கேமரா ஒரு பக்கம்தானே பாத்துச்சு? பாக்காத பக்கத்தை மெஷினே, படத்துல கிட்ட இருக்கறதை வச்சு ரொப்பிக்கும்."

"ரொப்பிக்கும்னா?"

"ஊகம்தான் சார். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

"நேத்து எட்டிப் பாக்கலாம்னு கூவினீங்களே, அப்ப இதையும் சேத்துச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்கள்லாம் போட்ட சத்தத்துல எனக்கு வாய் வரலை. ஆர்டரும் போயிடுமோன்னு..." என்று இழுத்தார்.

அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. முதல் நாள் ஒன்று விற்றவர், இன்றைக்கு வேறொன்று விற்கலாம். அவரைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதே அடுக்குக்குப் பக்கத்தில், அதே ஏணியைப் பிடித்துக்கொண்டு, என் வெள்ளைச் சட்டையோடு நின்றேன். அடுக்குக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதை நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் நின்றேன். "படம் எடுங்க" என்றேன்.

அதைத் திரையில் போட்டுவிட்டு இடதுகோடியில் உட்கார்ந்தேன். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்கை நீண்டிருந்தது. மணிக்கட்டில் என் வாட்ச். உற்றுப் பார்த்தால் முகப்பில் முள் இல்லை, வட்டம் மட்டும்.

அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் இடதுகோடியில் உட்கார்ந்தார். எழுந்து வலதுகோடிக்குப் போனார். மறுபடி இடதுக்கு வந்தார்.

"உங்க பின்னாடி யாரு தம்பி?"

"யாருமில்லை அண்ணி."

"வாச்சு உங்களோடது."

"கையும் என்னோடதுதான். மெஷின் அதை எடுத்து அங்கே ஒட்டியிருக்கு. நேத்து பாத்தது அண்ணனோட கோட்டுக்கை. அவரும் அதே கோட்டுதானே போட்டிருந்தார்?"

அண்ணி விற்பனைக்காரரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "இவரும் நீங்களும் சேந்து பேசி வச்சுக்கலையே?"

"அம்மா, நான் யாரு, சார் யாரு!" என்று அவர் பதறினார்.

"அப்ப ஏணி ஏன் நகந்துச்சு?"

அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"கை பொய்யாவே இருக்கட்டும். சின்ன மாப்பிள்ளை அங்கே இல்லைன்னு அது சொல்லலையே தம்பி."

"சொல்லலை. ஆனா சந்தேகம் முன்னாடியும் இருந்துச்சு, அப்ப அவரைப் போகச் சொல்லலை. போகச் சொன்னது இந்தக் கையை வச்சுத்தான்."

மேலேயிருந்து அண்ணன் இளையவளைக் கூப்பிட்ட குரல் கேட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "கூப்பிடுங்க. வரச் சொல்லுங்க."

இளையவளுக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அவர்கிட்டயே பேசுங்க சித்தப்பா" என்று கொடுத்துவிட்டாள். சின்ன மாப்பிள்ளையின் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"வாயால சொல்றது வேண்டாம் மாமா. நாளைக்கு அத்தைக்கு வேற எதுலயாவது வேற ஏதாவது தெரியும். அந்த ரூம்ல யார் யார் எங்கே உக்காந்திருந்தீங்க, யாருக்கு என்ன தெரிஞ்சது, அது ஏன் பொய்யின்னு எழுதி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அது வந்தா, அப்புறம் நான் வரேன். இல்லைன்னா இங்கேயே ஒரு வேலை தேடிக்கறேன். இவ வேணா அப்பாவைப் பாத்துட்டுப் போகட்டும்."

எழுதினேன். நாற்காலி வாரியாக எழுதினேன். விற்பனைக்காரர், "கம்பெனி பேர் மட்டும் வேண்டாம் சார்" என்று கெஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்டதும் திரையைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டார். பெரிய மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போடாமல் என்னை மடக்கினார்.

"முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியலை. அப்புறம் தெரிஞ்சது. இப்ப அது இல்லைங்கறீங்க. நான் எதுக்கு மாமா கையெழுத்துப் போடறது?"

"மூணுக்கும் சேத்து ஒண்ணு போடுங்க."

"சகலைதான் தள்ளினார்னு நாளைக்குத் தெரிய வந்தா?"

"அப்ப அதுக்கு வேற கடிதம் எழுதறேன். கை வலிச்சாலும் எழுதறேன். போடுங்க."

போட்டார். அண்ணி தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். 'இதனால் எங்கள் சந்தேகம் நீங்கியது' என்று நான் முடித்திருந்தேன். அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

"பொய் எழுதக் கூடாது தம்பி. நீங்கலை."

"அண்ணி, அது இல்லைன்னா அவர் வருவாரா?"

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். பழக்கமில்லாத கை, மெதுவாக எழுதினார்: 'நான் பார்த்த கை உங்களுடையது இல்லை. போகச் சொன்னது நான். அது தவறு. வீட்டுக்கு வாருங்கள். வந்த பிறகு அந்த லாரிக்காரரை நாம் சேர்ந்து தேடுவோம்.' அதன்கீழே கையெழுத்து.

"கடைசி வரியை எடுத்துடலாமே" என்றேன்.

"அதை எடுத்தா என் கையெழுத்தையும் எடுத்துடுங்க. தெரிஞ்சுக்காம என்னால அவர்கூட ஒரே வீட்டுல இருக்க முடியாது. அவராலயும் என்கூட முடியாது. லாரிக்காரன் கிடைச்சா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுச் சின்ன மாப்பிள்ளை தாளைக் கிழித்தாலும் கிழிப்பார். ஆனால் அந்தத் தாளில் முழு உண்மை என்று ஒன்று இருந்தால் அது அண்ணி எழுதியதுதான் என்றும் தோன்றியது. மூன்றாக மடித்தேன். உறைக்குள் போடுவதற்கு முன், "குழந்தைக்குக் குல்லா மறந்துட்டாங்க, அதையும் அனுப்பலாமா?" என்று அண்ணி கேட்டார். பிறகு அவரே, "வேண்டாம். வந்து போட்டுக்கட்டும்" என்றார்.

தெருமுனை கொரியர் கடைப் பெண், "உள்ள என்ன சார்?" என்றாள்.

"வெறும் கடிதம்தாம்மா."

பசை காயவில்லை என்று விளிம்பை விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். எடை போட்டாள். சீட்டைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு, உறையை வெளியூர்ப் பைக்குள் போட்டாள். வாசலில் வண்டி நின்றிருந்தது.